‘காத்திருத்தல்’ என்ற சொல் ஓர் அறையான கதை: மூன்றாம் ஆண்டு ஸ்டூடியோவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இன்டீரியர் டிசைன் படிப்பின் மூன்றாம் ஆண்டில் 16 வார ஸ்டூடியோ, அதாவது வடிவமைத்துப் பழகும் செய்முறை வகுப்பு, ஒன்று உண்டு. பருவம் தொடங்கும்போது ஒவ்வொரு குழுவும் கையால் தொட முடியாத ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளும்: மறதி, எல்லை, எடை, காத்திருத்தல் என்பது போல. அந்தச் சொல்லிலிருந்து ஓர் உள்வெளியை உருவாக்க வேண்டும். வழக்கமாக 1:20 மாடல் (உண்மை அளவில் இருபதில் ஒரு பங்கு), சில ரெண்டர்கள் (கணினியில் வரைந்த காட்சிகள்), நடுவர்கள் முன்னால் ஒரு ஜூரி, அத்தோடு முடிந்துவிடும். கட்டப்படாத அறை எந்தத் தவறையும் காட்டிக்கொடுக்காது என்பதால் மாணவர்கள் தைரியமாக வரைவார்கள். அதே காரணத்தால் அவர்களுக்கு ஒரு பெரிய பாடம் கிடைக்காமலும் போகும்.

இங்கே பதிவு செய்வது ஒரு குழுவின் வேலையை முழுதாகக் கட்டிய பருவத்தை. வளாகத்தில் உளநல ஆலோசகரின் அறைக்குப் பக்கத்தில் பழைய சாமான் அறை ஒன்று காலியாகக் கிடந்தது. ஆலோசனைக்கு வருபவர்கள் அதுவரை தாழ்வாரத்தில்தான் காத்திருந்தார்கள். அந்தச் சாமான் அறையைக் காத்திருப்பு அறையாக மாற்ற அனுமதி கிடைத்தது. நீளம் 5.4 மீட்டர், அகலம் 3.2, உயரம் 3.0. நுழைவாயில் ஒரு குறுகிய சுவரில், ஆலோசகரின் கதவு எதிர்ச்சுவரில், இரண்டும் ஒரே ஓரமாக. ‘காத்திருத்தல்’ என்ற சொல்லை எடுத்திருந்த நால்வர் குழுவுக்கு இந்த அறை போனது. இரண்டு மாணவிகள், இரண்டு மாணவர்கள். நான் அந்த ஸ்டூடியோவின் வழிகாட்டி. இதில் வரும் தவறான முடிவுகளில் இரண்டுக்கு நானும் தலையசைத்திருக்கிறேன். அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதல் நான்கு வாரம்: சொல்லிலிருந்து படத்துக்கு

முதல் ஜூரிக்குக் குழு கொண்டுவந்தது ஒரு மணற்கடிகாரம். அறையின் நடுவில் குறுகி இருபுறமும் விரியும் வளைந்த சுவர், மேலிருந்து கீழே இறங்கும் மணல் நிறம், தரையில் நொடிமுள் போல ஒரு கோடு. மாடல் அழகாகத்தான் இருந்தது. வந்திருந்த வெளி நடுவர் ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “இதுக்குள்ள காத்திருக்கிறவர் என்னம்மா செய்வார்?” விளக்கிக்கொண்டிருந்த மாணவியிடம் பதில் இல்லை. அந்த வளைவுக்கு நடுவே ஒருவர் உட்காரவே இடம் இருக்கவில்லை.

ஸ்டூடியோவில் நான் அதிகம் பார்க்கும் வழுக்கல் இது. சொல் கிடைத்ததும் அந்தச் சொல்லின் சின்னத்தைத் தேடி ஓடுகிறார்கள். காலம் என்றால் கடிகாரம், சுதந்திரம் என்றால் சிறகு, நினைவு என்றால் புகைப்படச் சட்டம். சின்னத்தைப் பெரிதாக்கினால் அறை ஆகிவிடும் என்ற நம்பிக்கை. அறைக்குள் வருபவருக்கு அந்தச் சின்னம் முதல் நிமிடம் தெரியும். இரண்டாவது நிமிடத்திலிருந்து அது வழியை அடைக்கும் ஒரு பொருள்.

அடுத்த வகுப்பில் இரண்டு கட்டடங்களைப் பற்றிப் பேசினோம். டேனியல் லிபஸ்கிண்ட் வடிவமைத்து 2001-இல் திறக்கப்பட்ட பெர்லின் யூத அருங்காட்சியகத்தில் நாடு கடத்தப்படுதலைக் குறிக்கும் தோட்டம் ஒன்று இருக்கிறது. 49 கான்கிரீட் தூண்கள், 12 டிகிரி சாய்ந்த தரை. ‘நிலைகுலைவு’ என்பதற்கு அங்கே படம் எதுவும் கிடையாது. நடப்பவரின் கணுக்காலுக்குத்தான் அது தெரிகிறது. இன்னொன்று, ஜப்பானின் இபராகியில் 1989-இல் முடிந்த, தடாவோ ஆண்டோவின் ஒளித் தேவாலயம். கான்கிரீட் சுவரில் சிலுவை வடிவில் ஒரு வெட்டு. அதைக் கண்ணாடியே இல்லாமல் விடத்தான் ஆண்டோ விரும்பினார். உள்ளே உட்காரப்போகிறவர்களுக்குக் குளிரும் என்பதால் கண்ணாடி போட வேண்டிவந்தது. கருத்து எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் உட்கார்ந்திருக்கும் உடம்புக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்பதற்காகவே இந்த எடுத்துக்காட்டை வைத்தேன்.

மணற்கடிகாரத்தைக் குழு விட்டுக்கொடுக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவர்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஐந்தாம் வாரம்: தாழ்வாரத்தில் பார்த்தவை

காகிதத்தை எடுத்து வைத்துவிட்டு, காத்திருப்பவர்களைக் கவனிக்கச் சொன்னேன். ஆலோசகரின் அனுமதியோடு, யாருடைய பெயரும் முகமும் பதிவாகாமல், தாழ்வாரத்தின் மறுமுனையிலிருந்து நான்கு நாள் கவனித்தார்கள். பிளானில் (மேலிருந்து பார்ப்பது போன்ற தரை வரைபடத்தில்) நாற்காலிகளைப் புள்ளியாக வைத்து, யார் எங்கே உட்கார்ந்தார், எந்தப் பக்கம் திரும்பியிருந்தார், எப்போது எழுந்தார் என்பதை மட்டும் அம்புக்குறியாகக் குறித்தார்கள். குறிப்பேட்டிலிருந்து நான் எடுத்து வைத்தவை இவை:

நாற்காலி காலியாக இருந்தும் பலர் நின்றார்கள். நின்றவர்கள் எல்லோரும் ஆலோசகரின் கதவு தெரியும் இடத்தில்தான் நின்றார்கள். அங்கிருந்த நாற்காலிகள் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம், தன் முறை வர நேரம் இருப்பவர்கூட, தலை நிமிர்த்திப் பார்த்தார். தாழ்வாரத்தில் தெரிந்தவர் யாராவது கடந்து போனால் செல்போனை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்கள். ஒரு மாணவர் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதியிருந்தது: “படிக்கவில்லை. திரை அணைந்திருக்கிறது.”

அணைந்த திரையை முகத்துக்கு நேரே பிடித்திருந்த அந்த மனிதர்தான் இந்த அறையின் உண்மையான தொடக்கம் என்று இன்றும் நினைக்கிறேன்.

சொல்லைத் திருத்தி எழுதியது

ஆறாம் வாரத்தில் குழுவுக்கு ஒரு நிபந்தனை வைத்தேன். ‘காத்திருத்தல்’ என்ற பெயர்ச்சொல்லைத் தொட வேண்டாம். காத்திருப்பவர் என்ன செய்கிறார், எதை விரும்புகிறார் என்பதை வினைச்சொற்களால் ஒரே வரியில் எழுதுங்கள். ஐந்தாறு வரிகள் அடிபட்ட பிறகு நின்றது இது: “கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், மற்றவர் கண்ணில் படாமல் இருக்கப் பார்க்கிறார்.”

நிலக்காட்சிகளை ஆராய்ந்த ஜே ஆப்பிள்டன் 1975-இல் முன்வைத்த கருத்தும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: தான் தெரியாமல் பிறரைப் பார்க்க முடிகிற இடம் மனிதர்களுக்குப் பிடிக்கிறது என்பது அது. குழு அதைப் படித்துவிட்டு வரவில்லை. தாழ்வாரத்தில் பார்த்துவிட்டு வந்தார்கள். படித்தது பிறகு. அந்த வரிசையில் நடந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

இந்த ஒரு வரி வந்ததும் வடிவம் வேகமாக வந்தது. நுழைவாயிலிலிருந்து ஆலோசகரின் கதவுக்குப் போகும் 1.2 மீட்டர் நடைவழி ஒரு பக்கம், இருக்கைகள் மறுபக்கச் சுவரோரம், நடுவே செங்குத்தான பட்டிகளால் ஆன ஒரு மறைப்புத் தட்டி. பட்டிகள் தட்டியின் நீளத்துக்கு 45 டிகிரி திரும்பி நிற்கும். இருக்கையிலிருந்து கதவை நோக்கிப் பார்த்தால் பட்டிகளின் விளிம்பு மட்டும் தெரிந்து இடைவெளி திறந்திருக்கும். நுழைவாயிலிலிருந்து இருக்கைகளை நோக்கிப் பார்த்தால் ஒவ்வொரு பட்டியும் முழு முகத்தைக் காட்டி மறைத்துவிடும். ஒரே தட்டி, ஒரு திசையில் ஜன்னல், மறு திசையில் சுவர். மணற்கடிகாரத்துக்காக அவ்வளவு வாதாடிய மாணவிதான் இதை வரைந்தார்.

தட்டி 3.9 மீட்டர். நுழைவாயில் பக்கம் மீதி 1.5 மீட்டர் திறப்பு, சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப வேண்டிய 1500 மி.மீ வட்டத்துக்காக. அந்த வட்டத்தை முதலிலேயே பிளானில் வரைந்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதனால் ஆறு இருக்கை ஐந்தானது. குழு முணுமுணுத்தது. நான் அசையவில்லை.

எட்டாம் வாரம்: அட்டையில் முழு அளவு மாதிரி

ஸ்டூடியோவின் தரையில் டேப் ஒட்டி அறையின் எல்லையைக் குறித்து, பேக்கிங் அட்டையையும் பழைய துணியையும் வைத்து 1:1 மாக்-அப் செய்தார்கள். திரையில் எட்டு வாரம் தெரியாத விஷயங்கள் இங்கே ஒரு மதியத்தில் தெரிந்தன.

முதலாவது, இருக்கையின் உயரம். ‘தளர்ந்து அமர்தல்’ என்று சொல்லி 380 மி.மீ உயரத்தில் ஒரு பெஞ்ச் வரைந்திருந்தார்கள். மாதிரியில் உட்கார்ந்து பார்க்க வயதான அலுவலக உதவியாளர் ஒருவரை அழைத்தோம். உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, இரண்டாவது முயற்சியில்தான் எழுந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்று மாலையே பிளானில் 450 மி.மீ என்று மாறியிருந்தது, கையூன்றுவதற்கு ஒவ்வொரு இருக்கைக்கும் நடுவே கைப்பிடியும் சேர்ந்திருந்தது. அந்தக் கைப்பிடிக்கு நானும் தலையசைத்தேன். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

இரண்டாவது, வெளிச்சம். அந்தி வேளை போல மங்கலாக, 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் அறை இருக்க வேண்டும் என்பது குழுவின் ஆசை. துணியால் மூடி விளக்கைக் குறைத்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர் செல்போனை எடுத்ததும் அவர் முகம் மட்டும் கீழிருந்து வெளிச்சம் பட்டு மேடையில் இருப்பவர் போலத் தெரிந்தது. ஒளிந்துகொள்ள உதவும் என்று நினைத்த இருட்டு, ஆளைக் காட்டிக்கொடுத்தது. மேலும் காத்திருப்பவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதற்கு 300 லக்ஸாவது வேண்டும். கடைசியில் பொது வெளிச்சம் 150 லக்ஸ் அளவில், எழுதும் பலகைமேல் மட்டும் தனி விளக்கில் 300-க்கு மேல் என்று முடிவானது. பழைய டியூப் லைட்டின் நீலம் கலந்த வெள்ளைக்குப் பதிலாக 3000 கெல்வின், அதாவது மஞ்சள் கலந்த வெள்ளை.

மூன்றாவது விஷயத்தை நாங்கள் ஐந்து பேரும் பார்க்கத் தவறியிருந்தோம். ஆலோசகர் மாக்-அப்பைப் பார்க்க வந்தார். இருக்கையில் உட்கார்ந்து, அட்டைப் பட்டிகளின் வழியே கதவைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், கதவு இருக்கும் இடத்தில் நின்று இருக்கைகளைப் பார்த்தார்.

“இங்கே உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் கதவு நல்லாத் தெரியுது. ஆனா என் ரூமை விட்டு வெளியே வர்றவங்க அழுதுட்டு வருவாங்க. அவங்க முகத்தை அஞ்சு பேரும் பார்ப்பாங்களே?”

பார்வை இருவழிப் பாதை. இருக்கையிலிருந்து கதவு தெரிந்தால் கதவிலிருந்து இருக்கையும் தெரியும், கதவில் நிற்பவர் முகமும் தெரியும். காத்திருப்பவரைக் காப்பாற்றுவதில் மூழ்கி, வெளியேறுகிறவரைக் காட்சிப்பொருள் ஆக்கியிருந்தோம். எங்கள் ஒரு வரியில் வெளியேறுகிறவர் இல்லவே இல்லை. இந்தத் தலையசைப்பும் என்னுடையதுதான். வரைபடத்தில் அந்தப் பார்வைக் கோட்டுக்குக் கீழே “சரி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

வரியை மறுபடி படித்தோம். “கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.” எதற்காகப் பார்க்கிறார்? தன் முறை தவறிவிடக் கூடாது என்பதற்காக. அப்படியானால் அவருக்குத் தேவை கதவின் காட்சி அல்ல, முறை வந்துவிட்டது என்ற செய்தி. காத்திருப்பின் உளவியலைப் பற்றி 1985-இல் எழுதிய டேவிட் மெய்ஸ்டரின் கவனிப்பு ஒன்றை அப்போது வகுப்பில் சொன்னேன்: எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீண்டதாகத் தோன்றும்.

முடிவு இப்படி அமைந்தது. ஆலோசகரின் கதவை ஒட்டிய கடைசி 1.5 மீட்டர் நீளத்துக்குத் தட்டியின்மேல் 1.7 மீட்டர் உயரம் வரை ஓர் அடைப்புப் பலகை. கதவுக்கு மேலே 2.2 மீட்டர் உயரத்தில், முறை வந்ததைச் சொல்ல ஒரு சிறு விளக்கு. உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து விளக்கை நோக்கிப் போகும் கோடு தட்டியை 1.9 மீட்டரில் கடக்கிறது, பலகைக்கு மேலே. வெளியே வருபவரின் முகத்தை நோக்கிப் போகும் கோடு 1.5 மீட்டரில் கடக்கிறது, பலகைக்குள். விளக்கு தெரியும், முகம் தெரியாது. செக்ஷனில் (அறையைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் வரைபடத்தில்) இந்த இரண்டு கோட்டையும் வரைந்து காட்டிய மாணவர், அதுவரை செக்ஷன் வரைவதை வெறுத்தவர்.

பத்தாம் வாரம் முதல்: பிளைவுட்டோடு பேரம்

பட்டிகள் 18 மி.மீ பிளைவுட்டில், 120 மி.மீ அகலம், 2400 மி.மீ உயரம். ஷீட் 2440-க்கு 1220. குழுவின் கணக்கு எளிது: 1220-ஐ 120-ஆல் வகுத்தால் 10 பட்டி. மொத்தம் 50 பட்டி, ஆகவே ஐந்து ஷீட். அனுமதி கிடைத்ததும் ஐந்து ஷீட்டுக்குத்தான்.

தச்சர் முதல் ஷீட்டை மேசைமேல் போட்டதும் கேட்டார்: “ரம்பம் தின்கிறதை எங்கே கழிச்சீங்க?”

ஒவ்வொரு அறுப்பும் 3 மி.மீ தின்னும். பத்துப் பட்டிக்கு நடுவே ஒன்பது அறுப்பு, 27 மி.மீ. 1200-உம் 27-உம் சேர்ந்தால் 1227. ஏழு மில்லிமீட்டர் பற்றவில்லை. ஷீட்டுக்கு ஒன்பதுதான் கிடைக்கும், ஐந்து ஷீட்டில் 45. ஐந்து பட்டி குறைவு.

இரண்டு வழி இருந்தது. பட்டியின் அகலத்தை 118 ஆக்கினால் பத்தும் கிடைக்கும். ஆனால் ஷீட்டின் விளிம்புகள் போக்குவரத்தில் அடிபட்டிருந்தன, ஓரம் சீவாமல் எடுக்க முடியாது என்றார் தச்சர். அகலத்தை இன்னும் குறைக்கலாமா என்று அவர் கேட்டபோது தட்டியை வரைந்த மாணவி ஒரு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு காகிதத்தில் கணக்குப் போட்டார். 45 டிகிரியில் நிற்கும் 120 மி.மீ பட்டி, தடிமனையும் சேர்த்து, தட்டியின் நீளத்தில் ஏறத்தாழ 97 மி.மீ அகலத்தை மறைக்கிறது. 50 பட்டியை 78 மி.மீ-க்கு ஒன்றாக வைக்கத் திட்டமிட்டிருந்தோம். 45 பட்டியைச் சமமாகப் பரப்பினால் 86 மி.மீ-க்கு ஒன்று. 97-ஐவிட 86 குறைவு. ஆகவே நேராக நின்று பார்ப்பவருக்கு இன்னும் முழு மறைப்பு. பட்டிகளுக்கு நடுவே உள்ள தெளிவான இடைவெளி மட்டும் 37 மி.மீ-இலிருந்து 43 ஆகும், இருக்கையிலிருந்து விளக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

“அப்படியே அறுங்க அண்ணே, 45 போதும்” என்றார்.

கான்செப்ட் என்பது ஓர் அறைக்குள் எப்படி உயிரோடு இருக்கிறது என்று யாராவது கேட்டால் இந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்வேன். அந்தத் தட்டி எதற்காக நிற்கிறது என்பது அவருக்கு எண்ணளவில் தெரிந்திருந்தது. அதனால் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்பதும் தெரிந்தது. மணற்கடிகாரத்தில் ஐந்து பட்டி குறைந்திருந்தால் அழுதிருப்பார்கள், அவ்வளவுதான்.

பொருத்தும்போது வேறு இரண்டு தொல்லைகள். கடையில் 18 மி.மீ என்று வாங்கிய பிளைவுட்டை அளந்தால் 17.3 இருந்தது. அடிச்சட்டத்திலும் மேல்சட்டத்திலும் காடிகளை 18-க்கு வெட்டியாகிவிட்டது. பட்டியைத் தொட்டால் ஆடியது, தட்டினால் கடகடத்தது. ஒவ்வொரு காடியிலும் வினீர் எனும் மெல்லிய மரச் சீவலைப் பசை தடவிச் செருக வேண்டியிருந்தது. 45 பட்டி, மேலும் கீழும், 90 காடி. இரண்டு நாள் வேலை. அறையின் நீளத்தையும் தரை மட்டத்தில் மட்டுமே அளந்திருந்தார்கள். 2.4 மீட்டர் உயரத்தில் சுவர் உள்ளே சாய்ந்து 30 மி.மீ குறைவாக இருந்தது. மேல்சட்டத்தின் முனையைச் சீவி ஏற்றினோம்.

ஒலி: சரியாகச் செய்து தவறாகப் புரிந்துகொண்டது

வெற்று அறையில் கைதட்டினால் எதிரொலி வெகுநேரம் நின்றது. 51.8 கன மீட்டர் அறை, உள்பரப்பு மொத்தம் ஏறத்தாழ 86 சதுர மீட்டர், எல்லாம் பூச்சும் ஓடும். சராசரி உறிஞ்சுதிறனை 0.05 (படும் ஒலியில் நூற்றுக்கு ஐந்து பங்கு) என்று வைத்தால், சபைன் சூத்திரத்தின்படி எதிரொலி நேரம், அதாவது ஒலி அடங்க ஆகும் நேரம், 1.9 விநாடி வருகிறது. இந்தச் சூத்திரத்துக்குப் பின்னால் வாலஸ் சபைன் 1895-இலிருந்து ஹார்வர்டில் செய்த சோதனைகள் இருக்கின்றன. ஒரு விரிவுரை அரங்கின் எதிரொலியைக் குறைக்க, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிரவாகச் சுமந்துவந்து அடுக்கி, ஒவ்வொரு மெத்தைக்கும் எவ்வளவு நேரம் குறைகிறது என்று அளந்தவர் அவர். மாணவர்களுக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

குழு எட்டுச் சதுர மீட்டர் அளவுக்கு, துணி போர்த்திய 50 மி.மீ ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல் நாரிழை) பலகைகளை இருக்கைக்குப் பின்சுவரிலும் கூரையிலும் பொருத்தியது. கணக்குப்படி 0.75 விநாடி. கைதட்டிப் பார்த்தபோது வித்தியாசம் காதுக்கே தெரிந்தது. எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த நாள் ஆலோசகரின் அறைக்குள் ஒருவரைப் பேசவைத்து இருக்கையில் உட்கார்ந்தோம். முன்பு மொலமொலவென்று கேட்ட பேச்சு இப்போது சொல் சொல்லாகப் புரிந்தது.

அறைக்குள் ஒலியை உறிஞ்சுவது ஒரு வேலை. பக்கத்து அறை ஒலி நுழையாமல் தடுப்பது வேறொரு வேலை. ராக்வூல் பலகை முதல் வேலையைத்தான் செய்யும். எதிரொலி அடங்கியதும் சொற்களைக் குழப்பிக்கொண்டிருந்த இரைச்சல் போய்விட்டது, கதவிடுக்கில் வந்தது தெளிவானது. கதவுக்கு அடியில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. கதவும் உள்ளே வெற்றாக இருக்கும் வகை. ஆலோசனை அறையைப் பொறுத்தவரை இது பெரிய குறை. திறப்பு விழாவைத் தள்ளிவைத்தோம். நிலையைச் சுற்றி ரப்பர் பட்டி, கதவின் அடியில் மூடும்போது தானாக இறங்கும் அடைப்பான், வெற்றுக் கதவுக்குப் பதில் கெட்டிக் கதவு என்று மாற்றிய பிறகு முணுமுணுப்பு மட்டும் கேட்டது, சொற்கள் புரியவில்லை. அதற்குப் பிறகுதான் அறையைத் திறந்தோம்.

திறந்த பிறகு

மூன்று வாரம் கழித்துக் குழு மறுபடி கவனித்தது, முன்பு போலவே ஆலோசகரின் சம்மதத்தோடு. மதிப்பெண் எல்லாம் வந்துவிட்டது. கட்டாயம் எதுவும் இல்லை. நால்வரும் வந்தார்கள்.

நடைவழியில் போகிறவர்கள் தட்டியைத் தாண்டி யாரையும் பார்க்கவில்லை. உட்கார்ந்தவர்கள் கதவுச் சத்தத்துக்குத் தலை நிமிர்த்துவது குறைந்து, விளக்கை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். விளக்கில் ஒரு சிக்கல் வந்தது. அதன் சுவிட்ச் ஆலோசகரின் மேசையில் இருந்தது. ஒருவரை வழியனுப்ப எழுந்துவிட்டால் சுவிட்ச் மறந்துபோகும். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், கை தானாகப் போகிற இடத்துக்கு அதை மாற்றினார்கள்.

அடைப்புப் பலகையில் அலுவலகத்தார் மூன்று அறிவிப்புத் தாள்களை ஒட்டியிருந்தார்கள். தட்டியை வரைந்த மாணவிக்கு மனம் நொந்துவிட்டது. ஆனால் அறையில் தாள் ஒட்டக்கூடிய சமதளம் அது ஒன்றுதான் என்பதை அவரே கண்டுபிடித்துச் சொன்னார். நுழைவாயிலை ஒட்டி ஓர் அறிவிப்புப் பலகை வைத்ததும் தாள்கள் இடம் மாறின.

கனமான கண்டுபிடிப்பு வேறு. இன்னமும் சிலர் அறைக்குள் வராமல் தாழ்வாரத்திலேயே நின்றார்கள். யார் என்று பார்த்தால், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தவர்கள். ஒரு தோழி, ஒரு தம்பி, ஒரு தாய். அறைக்குள் ஐந்து இருக்கைகளும் கைப்பிடியால் பிரிக்கப்பட்ட தனித்தனி இருக்கைகள். தோளோடு தோள் சாய்ந்து உட்கார அங்கே இடமே இல்லை. ஒரு நாள் ஒரு பெண் உட்கார்ந்திருக்க, கூட வந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார் என்று குறிப்பேட்டில் இருக்கிறது.

நாங்கள் எழுதிய வரியைத் திரும்பிப் பார்த்தேன். “பார்த்துக்கொண்டே இருக்கிறார்.” ஒருமை. முதல் நாளிலிருந்தே காத்திருப்பவர் தனி ஆள் என்று முடிவு செய்துவிட்டோம். தாழ்வாரத்தில் கவனித்த நான்கு நாளிலும் இருவராக வந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். புள்ளிகள் குறிப்பேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் புள்ளிகளை யாரும் படிக்கவில்லை, நான் உட்பட. நல்ல வரி கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில், அந்த வரிக்குள் அடங்காத மனிதர்களைக் காண மறந்தோம்.

நான்காவது, ஐந்தாவது இருக்கைகளுக்கு நடுவே இருந்த கைப்பிடியைக் கழற்றினார்கள். ஊன்றி எழ வேண்டியவர்களுக்காக இரண்டு ஓரக் கைப்பிடிகளும் அப்படியே இருக்கின்றன. திருகாணித் துளைகளை மரக்குச்சி அடித்து அடைத்துத் தேய்த்தார்கள்.

அடுத்த பருவத்தில் மாற்றியவை

கவனிப்பு வாரம் ஐந்தாவதிலிருந்து முதல் வாரத்துக்கு வந்துவிட்டது. சொல் கையில் கிடைப்பதற்கு முன்பே இடத்தையும் ஆட்களையும் பார்க்க வேண்டும். குழு எழுதும் வினைச்சொல் வரிக்குக் கீழே “இந்த வரிக்குள் வராதவர் யார்?” என்று ஒரு கட்டாயக் கேள்வி சேர்ந்திருக்கிறது. வெளியேறுகிறவர், துணைக்கு வருபவர், துடைத்துப் பெருக்குகிறவர் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

மாக்-அப்பை எட்டாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரத்துக்கு இழுத்திருக்கிறேன். அதைப் பார்க்க முதலில் வருபவர் அந்த அறையில் வேலை செய்யப்போகிறவர், ஜூரி அதற்கு அடுத்துதான். பொருள் பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் தச்சரோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், ஷீட்டின் உண்மைத் தடிமனை வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில் அளந்து எழுத வேண்டும், சுவரை மூன்று உயரத்தில் அளக்க வேண்டும்.

ஒலிக்கு முதல் வாரத்திலேயே ஒரு சோதனை உண்டு. பக்கத்து அறையில் ஒருவர் சாதாரணக் குரலில் செய்தித்தாளைப் படிப்பார், குழு இந்த அறையில் உட்கார்ந்து கேட்டதை எழுதும். எழுதிய தாளில் முழு வாக்கியம் ஒன்று இருந்தாலும் அறையின் வடிவத்தைத் தொடுமுன் கதவைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஒன்றை மட்டும் நான் மாற்றவில்லை. கட்டிய பிறகு திரும்பிப் போய்ப் பார்க்கும் அந்த மூன்றாவது வாரத்துக்கு மதிப்பெண் வைக்கலாம் என்று துறையில் ஒரு யோசனை வந்தது. வைத்தால் எல்லோரும் போவார்கள் என்பது உண்மைதான். தங்கள் அறை நன்றாக இயங்குகிறது என்று காட்டுவதற்காகப் போவார்கள் என்பது என் அச்சம். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.